ஓட்டு முடியும் முன்னே ஜெயித்த இரண்டு பேர்

பசங்களா, ஒரு தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே ‘இன்னார் ஜெயிச்சுட்டார்’ என்று ஊருக்குச் சொல்லலாமா, கூடாதா? டிவியில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து இதைப் பற்றிச் சண்டை போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் ஒன்பதாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஏனென்றால் அந்தத் தப்பைச் செய்தவன் நான். அதுவும் ஒரே மத்தியானத்தில் இரண்டு தடவை.

எங்கள் வீடு புதுச்சேரியில், உப்பளம் பகுதியில். மூன்று பிளாக், பிளாக்குக்குப் பதினாறு வீடு, மொத்தம் நாற்பத்தெட்டு. நடுவில் ஒரு காலி இடம். அந்த இடத்தில்தான் எல்லாப் பிரச்சினையும். அங்கே முன்பு பசங்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். பிறகு எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் அதைக் கார் நிறுத்தும் இடமாக மாற்றினார். வெள்ளைப் பெயிண்ட் வாங்கி, நூல் பிடித்து, கோடு போட ஆரம்பித்தார். பாதிக் கோடு போட்டு முடித்திருந்தார். மொத்தக் குடியிருப்புக்கும் இருந்தது ஒரே கார். அது அவருடையது.

அவரை எல்லோரும் சொல்தா என்பார்கள். பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு எங்கள் புதுச்சேரியில் அதுதான் பெயர். நேரில் கூப்பிடும்போது ‘முசே’ என்போம். காலை ஆறு மணிக்கு வாக்கிங், ஏழு மணிக்கு பேப்பர், எட்டு மணிக்கு ரொட்டி. அவர் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டால் கீழ்வீட்டில் கடிகாரத்தைச் சரி செய்துகொள்வார்கள்.

இடம் போனதும் பசங்கள் மாடிப்படியில் கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டாம் மாடியிலிருந்து பந்து போடுவார்கள், தரைத்தளத்தில் பேட் பிடிப்பார்கள். ஒரு நாள் பந்து என் மனைவி கொண்டுபோன சாம்பார்க் குண்டானில் விழுந்தது. அவள் பந்தை எடுத்துக் கழுவினாள். மேலே அண்ணாந்து பார்த்து, “அவுட்டா, நாட் அவுட்டா?” என்று கேட்டாள். அன்றைக்கு ராத்திரியே, “நான் எலெக்‌ஷன்ல நிக்கப் போறேன்” என்றாள்.

ஆக, ஒரு பக்கம் சொல்தா, இன்னொரு பக்கம் என் மனைவி. அவருக்குக் கார் சின்னம், இவளுக்குப் பந்து சின்னம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் ஓட்டு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. தேர்தல் அதிகாரி, தரைத்தளத்தில் இருக்கும் ரிட்டயர்டு தபால்காரர். ஓட்டுப்பெட்டி ஒரு பழைய ரஸ்க் டின். மூடியில் ஓட்டை போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டி, அதன் மேல் அவர் கையெழுத்தும் போட்டிருந்தார். சங்கத்தில் ஒரு விதி உண்டு, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பாதி வீடாவது, அதாவது இருபத்து நாலு வீடாவது ஓட்டுப் போட வேண்டும். இல்லையென்றால் தேர்தல் செல்லாது. பழைய தலைவரே இன்னும் ஒரு வருஷம் இருப்பார். காரும் இருக்கும்.

இப்போது என் தொழிலைச் சொல்கிறேன். நான் ஃபிளெக்ஸ் பேனர் கடையில் வேலை செய்கிறேன். அடிப்பது முதலாளி, கட்டுவது நான். எங்கள் ஊரில் பேனர் இல்லாமல் எதுவும் செல்லாது. கல்யாணம், காதுகுத்து, பத்தாவது பாஸ், பிறந்த நாள், இறந்த நாள், எல்லாவற்றுக்கும் பேனர். ஒருத்தர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதற்குக் கட்டியிருக்கிறேன். அவர் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அதை அவிழ்க்கவும் நான்தான் போனேன்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த விசேஷமானாலும் பேனரை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். விருந்தாளி வந்த பிறகு ஏணி போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. தேர்தல் வெற்றி பேனரும் அப்படித்தான். முன்னாடியே கட்டி, மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிடுவோம். ஜெயித்தால் துணியை இழுப்போம். தோற்றால் துணியோடு அவிழ்த்துச் சுருட்டிவிடுவோம், யாருக்கும் தெரியாது. அந்த மாதிரித் தெரியாமல் சுருட்டிய பேனர்கள் கடை பின்பக்கம் ஒரு அடுக்கு இருக்கிறது. அதில் சிரித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

என் மனைவிக்குத் தெரியாமல் அவளுக்கு ஒரு வெற்றி பேனர் அடித்தேன். நல்ல போட்டோ கிடைக்கவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எடுத்த போட்டோதான் இருந்தது. கையில் அப்பளம் பிடித்திருந்தாள். கம்ப்யூட்டர்காரனிடம் சொல்லி அப்பளத்தை மட்டும் அழித்துவிட்டேன். ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்துக் கை காட்டுகிற மாதிரி வந்தது. கீழே, ‘வெற்றி! வெற்றி! மாபெரும் வெற்றி! வாக்களித்த நல்லுள்ளங்களுக்கு நன்றி!’

அதே வாரம் பிரான்ஸிலிருந்து கடைக்கு ஒரு போன். சொல்தாவின் மகள். “அப்பாவுக்குத் தெரியக் கூடாதுண்ணே, சர்ப்ரைஸ்” என்றாள். பட்டாள உடுப்பில் இருபத்தைந்து வயதில் எடுத்த அவருடைய போட்டோவை அனுப்பினாள். மீசை ஒரு பக்கத்துக் கம்பத்திலிருந்து அடுத்த பக்கத்துக் கம்பம் வரைக்கும் வந்தது. கீழே எழுதுவதற்கு முதலாளி யோசிக்கவில்லை. என் மனைவிக்கு அடித்ததையே போட்டுவிட்டார். ‘வெற்றி! வெற்றி! மாபெரும் வெற்றி!’

தொழில் என்று வந்தால் நான் பாரபட்சம் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், யாரும் எழுந்திருக்கும் முன்னே, வாசல் கேட்டுக்கு இடது பக்கம் மனைவியையும் வலது பக்கம் சொல்தாவையும் சவுக்குக் கம்பில் கட்டினேன். மனைவிக்கு ஒரு பூப்போட்ட பெட்ஷீட், சொல்தாவுக்கு என் பழைய வேட்டி. இரண்டையும் மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி பால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் ஓட்டு மெதுவாக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லையா? சிலர் கோயிலுக்கு, சிலர் சர்ச்சுக்கு, மற்றவர்கள் மீன் வாங்க. “வந்து போடறோம், வந்து போடறோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது பதினேழு ஓட்டு விழுந்திருந்தது.

பன்னிரண்டரைக்குக் கடல்காற்று இறங்கியது. நாங்கள் அந்தக் காற்றுக்குத் தினமும் காத்திருப்போம். அன்றைக்கு மட்டும் அது வராமல் இருந்திருக்கலாம். கூடையோடு திரும்பி வந்த ஜனங்களுக்கு எதிரிலேயே அந்தப் பூப்போட்ட பெட்ஷீட் புஸ்ஸென்று எழும்பி, பக்கத்துத் தென்னை மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எட்டடி அகலத்துக்கு என் மனைவி கையசைத்துக்கொண்டு நின்றாள்.

“அடேங்கப்பா, முடிஞ்சே போச்சா?” என்றார் முதல் பிளாக் மீன்கூடைக்காரர்.

“நம்ம பந்துதான் ஜெயிச்சிருக்கு. நல்லதாப் போச்சு, ஓட்டுப் போடற வேலை மிச்சம்” என்றாள் அவர் வீட்டம்மா.

நான் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து இதைக் கேட்டேன். ஓடினேன். கீழே போய்ச் சேர்வதற்குள் யாரோ போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். வாழ்த்துகள் விழ ஆரம்பித்துவிட்டன. கை குவிக்கிற பொம்மை, பூங்கொத்து பொம்மை, கேக் பொம்மை. ஓட்டுப் போடாதவர்கள்தான் அதிகமாக கேக் அனுப்பினார்கள்.

“இன்னும் முடியலிங்க, இது சும்மா கட்டி வெச்சது!” என்று கத்தினேன்.

“சும்மாவா கட்டுவ?” என்றார் மீன்கூடைக்காரர். “இன்னாப்பா நீ, வெற்றின்னு மூணு தடவ போட்டிருக்கு. பேனர் பொய் சொல்லுமா?”

பசங்களா, இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். தென்னை மரத்திலிருந்து பெட்ஷீட்டை எடுக்கவோ, வேறு துணி கொண்டுவரவோ போயிருக்கலாம். ஆனால் எனக்கு நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது. என் மனைவி மட்டும் ஜெயித்ததாகத் தெரிந்தால் சொல்தாவுக்கு அநியாயம். இரண்டு பேரும் ஜெயித்ததாகத் தெரிந்தால் சமம். சமம் என்றால் யாருமே ஜெயிக்கவில்லை என்று ஜனங்களுக்குப் புரிந்துவிடும். அப்படிக் கணக்குப் போட்டு, வலது பக்கம் போய் வேட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

இப்போது கேட்டின் இரண்டு பக்கமும் வெற்றி. மாபெரும் வெற்றி.

நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. உள்ளே வந்த ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பேனரை மட்டும் படித்தார். பந்துக்காரர்கள் இடது பக்கம் பார்த்து, “ஜெயிச்சாச்சு” என்று வீட்டுக்குப் போனார்கள். கார்க்காரர்கள் வலது பக்கம் பார்த்து, “ஜெயிச்சாச்சு” என்று வீட்டுக்குப் போனார்கள். இரண்டையும் படித்தவர் ஒரே ஒருத்தர். அவர், “கூட்டணி போல” என்று சொல்லிக்கொண்டு போனார்.

எல்லோரும் போய், மீன்குழம்பு சாப்பிட்டு, கதவைச் சாத்தி, மின்விசிறியைப் பெரிதாக வைத்துப் படுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் மத்தியானத் தூக்கம் சாதாரண விஷயம் இல்லை. ஒன்றிலிருந்து நாலு வரைக்கும் கடைக்காரன்கூட ஷட்டரை இறக்கிவிட்டுப் படுப்பான். அதிலும் ஞாயிற்றுக்கிழமை, அதிலும் தன் கட்சி ஜெயித்த ஞாயிற்றுக்கிழமை என்றால், அந்தத் தூக்கத்தை யார் கலைப்பது?

இரண்டரை மணிக்குத் தபால்காரர் ரஸ்க் டின் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, ஓட்டுச்சீட்டுக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தார். பதினேழு. அப்படியே பதினேழு.

“இருபத்து நாலு வரலைன்னா நான் ‘செல்லாது’ன்னு எழுதிட்டு டின்ன எடுத்துட்டுப் போய்டுவேன்” என்றார். “ரஸ்க் வெக்க இடமில்லாம வீட்ல திட்டறாங்க.”

என் மனைவி கீழே இறங்கி வந்தாள். இடது பக்கம் பார்த்தாள். தன் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

“ஏங்க, இது அந்தப் பந்தியில எடுத்தது இல்ல? அப்பளம் எங்க?”

“எடுத்துட்டேன்.”

“மூளையையும் சேத்து எடுத்துட்டீங்களா? பசங்களுக்காக நின்னேன். நாற்பத்தெட்டு வீட்டுப் படியும் ஏறி எறங்கி, கால் வீங்கிப் போய்க் கெடக்கறேன். இன்னைக்குத் தேர்தல் செல்லாதுன்னா அந்தக் கார் இன்னும் ஒரு வருஷம் அங்கயே நிக்கும். அதுங்க இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டுல விழுந்து எழுந்திருக்கும். உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?”

தோன்றியது.

ஏழாவது படிக்கிற என் மகள் அம்மா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் எனக்காகப் பேச வந்தாளோ எனக்கு எதிராகப் பேச வந்தாளோ, இன்றுவரை தெரியவில்லை.

“ஏம்மா, டிவிக்காரங்ககூடத்தான் யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்றாங்க. தெரிஞ்சத சொன்னா தப்பா? ஜனங்களுக்குத் தெரிஞ்சுக்கற உரிமை இருக்குல்ல?”

“தெரிஞ்சத சொல்லட்டும்டி. ஒங்க அப்பாவுக்கு இன்னா தெரியும்?” என்றாள் மனைவி.

இந்தக் கேள்வியை நான் பிறகு பல நாள் நினைத்துப் பார்த்தேன். நாட்டுத் தேர்தல் பல கட்டமாக நடக்கிறபோது, கடைசி ஊரில் கடைசி ஓட்டு விழுகிற வரைக்கும், ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பை வெளியிடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா? நாம் ஓட்டுப் போட்டு, விரல் மை அழிந்து, நகமும் வளர்ந்துவிடும், ஆனாலும் சொல்ல மாட்டார்கள். ‘இது என்ன பெரிய ரகசியம்’ என்று நானும் திட்டியிருக்கிறேன். உரிமை இல்லையா என்று என் மகள் கேட்டதும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்த மத்தியானம் நான் கண்டது இது: மழை வரும் என்று சொன்னால் அதைக் கேட்டு மேகம் மனசு மாறாது. யார் ஜெயித்தார் என்று சொன்னால் கேட்கிறவன் மனசு மாறுகிறான், அல்லது படுத்துத் தூங்குகிறான். இன்னும் ஓட்டுப் போடாதவன் அவன்தான். பேனரில் நான் போட்டது பொய்கூட இல்லை. அது இன்னும் நடக்காத விஷயம். அதைச் சொன்னதாலேயே நடக்காமல் போக இருந்தது.

சரி, அதை விடுங்கள். மணி மூன்றுக்கு மாடிப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக். சொல்தா இறங்கி வந்தார். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து, பனியன் மேலே சட்டையைப் போட்டு, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தார். கையில் போன். பிரான்ஸிலிருந்து மகள் வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். யாரோ அனுப்பிய போட்டோவைப் பார்த்து அவளும் நம்பிவிட்டாள்.

கேட்டுக்கு நடுவில் நின்று வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நோன்” என்றார். இல்லை என்று அர்த்தம். “நோன், நோன், நோன்.” ஒரு நோனுக்கு ஒரு அடி முன்னால் வந்தார். நான் ஒரு நோனுக்கு இரண்டு அடி பின்னால் போனேன்.

“தம்பி, மணி இன்னா?”

“மூணு, முசே.”

“ஓட்டு எப்ப முடியுது?”

“அஞ்சுக்கு.”

“அப்ப நான் எப்பிடி ஜெயிச்சேன்?”

நான் தொழில் பழக்கத்தை விளக்கினேன். சவுக்குக் கம்பு, பெட்ஷீட், காற்று, சமம், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நான் இங்க இருந்தே பிரான்ஸ் எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போடறவன். நமக்கு நேரம் முன்னாடி ஓடுது, இங்க முடிஞ்சாலும் அங்க முடியாது. என் தம்பி அங்கேருந்து போன் போட்டு, ‘அண்ணே, ஒங்க பக்கம் யாருக்கு விழுதுன்னு பேசிக்கறாங்க?’ம்பான். அங்க கடைசிப் பெட்டி மூடற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன். போனை வெச்சுட்டு ஒக்காந்திருப்பேன். வயிறு உப்பிப் போய் ஒரு தடவ டாக்டர்கிட்டயே போனேன். நீ இன்னாடான்னா எம் மீசைய நடுரோட்டுல விரிச்சுட்ட!”

“முசே, இருபத்து நாலு ஓட்டு விழலைன்னா நீங்கதான் மறுபடியும் தலைவர்” என்று தபால்காரர் நினைவுபடுத்தினார். “போய் நிம்மதியாப் படுங்க.”

சொல்தா திரும்பி, பாதிக் கோடு போட்ட அந்த இடத்தையும், நடுவில் நின்ற காரையும் பார்த்தார். தூங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பசங்கள் இருக்கிற வீட்டுக்காரர்கள், பந்துக்காரர்கள். அது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஓட்டர் பட்டியல் அவர் எழுதியதுதான்.

“தூங்கி ஜெயிக்கவா பட்டாளத்துக்குப் போனேன்?” என்றார். “எறக்கு ரெண்டையும்.”

இறக்கினேன். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டலாம் என்றேன். இரண்டு வீடு தட்டிப் பார்த்தோம். முதல் வீட்டில் உள்ளேயிருந்து, “ஸ்வீட்டா? வாசல்ல வெச்சுட்டுப் போங்க” என்று குரல் வந்தது. இரண்டாவது வீட்டில் கதவைத் திறந்தவர், நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “பேனர் வந்தப்புறம் இன்னா ஓட்டு?” என்று கொட்டாவி விட்டார்.

“பேனர் சொன்னாத்தான் கேப்பாங்கன்னா, பேனரே சொல்லட்டும்” என்றாள் என் மகள்.

அது நல்ல யோசனை. நல்ல ஃபிளெக்ஸுக்குப் பின்பக்கம் கறுப்பாக இருக்கும், வெயில் ஊடுருவக் கூடாது என்று. சொல்தா வீட்டில் கோடு போட வாங்கிய வெள்ளைப் பெயிண்ட் மிச்சம் இருந்தது. அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மனைவியின் பேனரைத் திருப்பிப் போட்டு, நான் பெரிய பிரஷ்ஷால் எழுதினேன்: ‘ஓட்டு இன்னும் முடியவில்லை. யாரும் ஜெயிக்கவில்லை. ஐந்து மணி வரை.’

இரண்டு கம்பில் மாட்டி, ஒரு கம்பை நானும் ஒரு கம்பைச் சொல்தாவும் பிடித்துக்கொண்டு முதல் பிளாக்கைச் சுற்றினோம். எதிரில் இருந்தவர்கள் ‘யாரும் ஜெயிக்கவில்லை’ என்று படித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் ‘மாபெரும் வெற்றி’ என்று படித்தார்கள். பின்பக்க மாடியிலிருந்து ஒருத்தர் கை தட்டினார். அவர் பையன் ஊசிப்பட்டாசைக் கொளுத்திப் போட்டான். வெற்றி ஊர்வலத்தில் எதிர்க்கட்சிக்காரரே கம்பு பிடித்து வருகிறார் என்று ஒரு அம்மாள் கண்கலங்கிப் போனார்.

“இது சரிப்படாது” என்றார் சொல்தா. “ரெண்டு பேனரையும் சேத்துக் கட்டு. மூஞ்சி உள்ள போவட்டும், கறுப்பு வெளிய இருக்கட்டும்.”

அதில் ஒரு சிக்கல். என் மனைவியின் எட்டடி முகமும் சொல்தாவின் எட்டடி முகமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சொல்தாவே காது சிவந்து, “மதாம் தப்பா நெனைக்கக் கூடாது” என்றார்.

“நான் ஒண்ணும் நெனைக்கல. உங்க மீசை குத்தாம இருந்தாச் சரி” என்றாள் என் மனைவி. என்றாலும், நடுவில் அந்த வேட்டியை மடித்து வைத்துத்தான் கட்டச் சொன்னாள்.

அப்படியே சுற்றினோம். முன்னால் தபால்காரர் ரஸ்க் டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பெட்டியைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாதாம். பின்னால் நானும் சொல்தாவும். அவர் பட்டாள நடை நடந்தார், நான் பேனர்காரன் நடை. அவர் கம்பு முன்னே போகும், என் கம்பு பின்னே வரும், நடுவில் ஃபிளெக்ஸ் முறுக்கிக்கொண்டு என் தலையில் அடிக்கும். பசங்கள் எல்லாம் தட்டு, கரண்டி, டப்பா என்று கிடைத்ததைத் தட்டிக்கொண்டு, “யாரும் ஜெயிக்கலே! யாரும் ஜெயிக்கலே!” என்று கத்திக்கொண்டு வந்தார்கள். தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷமாகக் கத்துகிற ஊர்வலத்தை உப்பளம் பார்த்திருக்காது.

கதவுகள் திறந்தன. பேனர் சொன்னால் நம்புகிற ஜனங்கள், மறுபடியும் பேனரைத்தான் நம்பினார்கள். லுங்கியோடு, நைட்டியோடு, கன்னத்தில் தலையணைக் கோட்டோடு இறங்கி வந்தார்கள்.

மீன்கூடைக்காரர் வரிசையில் நின்று, “மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒங்க பேனருக்கே ஒரு நிலையில்லப்பா” என்று என்னைத் திட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு எல்லோரும் போட்டு முடித்துவிட்டார்கள். மூன்று வீடு பூட்டியிருந்தது, வெளியூர் போனவர்கள். ஆனாலும் ஐந்து வரைக்கும் தபால்காரர் டின்னைத் தொடவில்லை. “இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு” என்றார்.

“யாரும் வரப் போறதில்லையே, தெறங்க” என்றார் ஒருத்தர்.

“சும்மா ஒரு அந்தாசா சொல்லுங்களேன், யாரு முன்னாடி?” என்றார் இன்னொருத்தர்.

தபால்காரர் டின்மேல் துண்டைப் போட்டு, துண்டுமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்கு ஏதாவது தெரியும் என்பது மாதிரி. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். சொல்தா சொன்ன வயிற்று உப்புசம் எப்படி வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

ஐந்து மணிக்கு டேப்பைக் கிழித்தார். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து, உயர்த்திக் காட்டி, கார் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம் என்று அடுக்கினார். முதல் பத்தில் கார் முந்தியது. அடுத்த பத்தில் சமம். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்தது அன்பினாலா, நான் எதையாவது போய் அவிழ்த்துவிடுவேன் என்ற பயத்தினாலா, தெரியாது. கடைசிச் சீட்டை வைத்துவிட்டு, தபால்காரர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கார் இருபத்தொண்ணு. பந்து இருபத்து நாலு.”

நான் கத்தவில்லை, சத்தியமாக. பசங்கள்தான் கத்தினார்கள். என் மனைவி பேசுவதற்காக ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதி வைத்திருந்தாள். “அன்பான குடியிருப்பு மக்களே” என்பது வரைக்கும்தான் வந்தாள். அதற்குள் ஒரு கூட்டம் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கு ஓடிவிட்டது. பாதியில் நின்ற வெள்ளைக் கோட்டைப் பார்த்து, “கிரீஸ் ரெடியா இருக்குடா!” என்று ஒருத்தன் கத்தினான். ஆனால் ஆட முடியவில்லை. நடுவில் கார்.

எல்லோரும் சொல்தாவைப் பார்த்தார்கள். அவர் சட்டைப்பையில் கையை விட்டார், சாவியை எடுத்தார். என் மனைவி முன்னால் போய், “முசே, நீங்க எழுப்பலன்னா...” என்று ஆரம்பித்தாள்.

“மதாம், ஒங்க ஆளுங்க நாலு பேர் தூங்கியிருந்தா நான் தலைவர். ரெண்டு பேர் எம் பக்கம் வந்திருந்தாலும் நான் தலைவர். வரல. அதுக்கு நான் இன்னா பண்றது?” என்றார். “ஆனா ஒண்ணு. எங் கண்ணாடில பந்து பட்டுச்சு, நாளைக்கே எலெக்‌ஷன் கேப்பேன்.”

“அப்ப வெளிய நிறுத்துங்க.”

“அதத்தான் செய்யப் போறேன்.”

காரில் ஏறி ரிவர்ஸ் போட்டார். அது பின்னால் வரும்போது ஒரு பாட்டுப் பாடும். பின்னால் நின்ற பசங்கள் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு பக்கம் கையை ஆட்டி வழி காட்டினார்கள்.

“வாங்க, வாங்க, வாங்க... லெப்ட்டு!”

“லெப்ட் இல்லடா, ரைட்டு! முசே, ரைட்டு!”

“நில்லுங்க! இல்ல இல்ல, வாங்க!”

சொல்தா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். “ஒருத்தன் சொல்லுங்கடா!” என்று கத்தினார். ஒருத்தரும் கேட்கவில்லை. கார் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று நகர்ந்து நகர்ந்து, கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போகக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் இங்கே இரண்டு விக்கெட் விழுந்துவிட்டது.